சிவப்புப் பேனையும் அம்மம்மாவின் எழுத்தும்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை. கடைக்குப் போவதற்காகச் சாமான் துண்டு ஒன்றை எழுதி மேசையில் வைத்துவிட்டு, உலை கொதித்துவிட்டதா என்று பார்க்கக் குசினிக்குள் போனேன். திரும்பி வந்து பார்த்தால் துண்டின் மேல் மூலையில் சிவப்பு மையினால் வட்டமிட்டு 4/10 என்று புள்ளி போடப்பட்டிருந்தது. கீழே, "கவனம் போதாது. திரும்ப எழுதவும்" என்றொரு குறிப்பு. அதற்கும் கீழே ஆசிரியையின் கையொப்பம் போல ஒரு கிறுக்கல்.

என் இளைய மகளுக்கு வயது ஏழு. இரண்டாம் தரத்தில் படிக்கிறாள். தகப்பனின் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனை எப்படியோ அவள் கைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எவர் எழுதிய எதுவும் தப்புவதில்லை.

துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தேன். பத்துச் சாமான்களில் நான்குக்கு 'சரி' அடையாளம். ஆறுக்குப் 'பிழை'. அந்த ஆறில் மூன்று உண்மையிலேயே என்னுடைய பிழைகள்தான். மிளகாய்த்தூளை 'மிழகாய்த்தூள்' என்று எழுதியிருந்தேன். தேயிலை 'தேயிளை' ஆகியிருந்தது. கறித்தூளைக் 'கரித்தூள்' என்று எழுதியிருந்தேன். அதற்கு நேரே ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாள்.

"அம்மா, கரி எண்டால் அடுப்புக்கரிதானே? அதைத் தூளாக்கி ஆரும் சாப்பிடுவினமோ?"

மற்ற மூன்றும் அவளுடைய பிழைகள். எண்ணெயை 'எண்ணை' என்றும், பழப்புளியைப் 'பளப்புளி' என்றும் திருத்தியிருந்தாள். "நாங்க அப்பிடித்தானே சொல்லுறனாங்க" என்பது அவளுடைய நியாயம். 'முட்டை 10' என்பதற்குப் பிழை போட்டதற்குக் காரணம் கேட்டேன். இலக்கத்தைச் சொல்லில் எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னவவாம்.

இதோடு நின்றிருந்தால் நான் உங்களுக்கு இதை எழுத வந்திருக்க மாட்டேன். அதே வாரம் என் தாயாரின் கிளினிக் கொப்பியைத் திறந்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. வைத்தியர் ஆங்கிலத்தில் வேகமாக எழுதியிருந்த மருந்துக் குறிப்பின் ஓரத்தில், "உறுப்பாக எழுதிப் பழகவும்" என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியை எப்படி நீட்டுவது என்று தெரியாமல் நின்றேன். வைத்தியர் வாசித்தார். சிரித்தார். பிறகு அன்றைய குறிப்பைக் கொஞ்சம் நிதானமாக எழுதினார். மருந்து கொடுக்குமிடத்தில் அன்றைக்குத்தான் ஒருவரும் இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

மீனுக்கும் குளம்பு உண்டோ?

வீட்டுக்குள் திருத்துவதற்கு ஒன்றும் கிடைக்காத நாட்களில் அவளுடைய கண் வீதிக்குப் போய்விடும். உப்புவெளியிலிருந்து நகரத்துக்கு ஓட்டோவில் வரும் அந்தச் சிறிய தூரம் அவளுக்கு ஒரு பெரிய பாடப் புத்தகம்.

ஒரு சுவரில் 'அரை வாடகைக்கு உண்டு' என்றிருந்தது. "மற்ற அரைவாசியில ஆர் அம்மா இருக்கினம்?" என்று கேட்டாள். சாப்பாட்டுக் கடை ஒன்றின் வாசலில் 'மீன் குளம்பு' என்று சோக்கினால் எழுதியிருந்தார்கள். பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியிலும் புள்ளி மான்கள் நடந்து திரிவதை எங்கள் பிள்ளைகள் பிறந்தது முதல் காண்கிறார்கள். வாழைப்பழத் தோலுக்காக அவை வீதியோரம் வந்து நிற்கும்போது, அவற்றின் காலடியைக் காட்டிக் 'குளம்பு' என்ற சொல்லை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதனால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மானுக்குக் குளம்பு சரி. மீனுக்கு எங்க இருக்கு?" என்றாள். ஓட்டோக்காரத் தம்பி சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

இன்னோர் இடத்தில், ஒரு கட்டடத்தின் கதவில் 'வெளியே செல்லும் வலி' என்றிருந்தது. அங்கே மணிக்கணக்காக வரிசையில் நின்று களைத்திருந்த எனக்கு அது பிழையாகவே படவில்லை!

சிரிப்பு ஒருபுறமிருக்க, இதில் நாம் யோசிக்க வேண்டிய விடயமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பஸ் ஒன்றில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய ஆசனத்தில், 'தாய்மார்' என்பது 'நாய்மார்' என்று எழுதப்பட்ட படத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். முதலில் சிரித்தோம். பிறகு மனம் நொந்தோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. 1991ஆம் ஆண்டின் சட்டத்தினால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. சட்டம் வந்தாலும், பலகை எழுதுபவருக்குப் பக்கத்தில் நின்று 'இது த, ந அல்ல' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டு வாண்டைப் போல ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒருவர் இருந்தால் நல்லதே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை ஏன் திருத்துகிறது?

"உங்கட பிள்ளைக்கு வாய் கூடிப் போச்சு" என்று அயலில் சிலர் சொல்லத் தொடங்கினார்கள். எனக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. ஆனால் கூர்ந்து கவனித்தபோது, இது வாய்க்கொழுப்பல்ல என்பது விளங்கியது.

சிறு பிள்ளை ஒரு விதியைப் புதிதாகக் கண்டுபிடித்தால் அதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கும். மூன்று வயதில் இவள் "நான் வாந்தனான்" என்று சொல்லுவாள். 'வா' என்றுதானே கூப்பிடுகிறோம், அப்படியானால் 'வாந்தனான்' என்றுதானே வர வேண்டும்? எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் கேட்டுப் படித்ததல்ல, தானே கணக்குப் போட்டு எடுத்தது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லைக் கற்பனைப் பிராணி ஒன்றின் பெயராகச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லி, அதன் பன்மையைக் கேட்டார். ஒருபோதும் கேட்டிராத அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் சரியான பன்மையைச் சொன்னார்கள். பிள்ளைகள் கிளியைப் போலத் திருப்பிச் சொல்லுபவர்கள் மட்டுமல்லர், உள்ளே இலக்கணம் கட்டுபவர்கள் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

எழுதப் பழகும் வயதிலும் இதுவே நடக்கிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று படித்த வாரத்தில், கலண்டரில் இருந்த எழுத்துகள் அனைத்துக்கும் இவள் புள்ளி வைத்து முடித்தாள். தை மாதம் முழுவதும் அம்மை போட்டதைப் போலிருந்தது.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னுமொரு சுமை உண்டு. வீட்டில் கதைப்பது ஒன்று, புத்தகத்தில் எழுதுவது வேறொன்று. 'இருக்கிறது' என்ற சொல்லை வெட்டி 'இருக்கு' என்று எழுதுவாள். 'ஐந்து' என்பதை 'அஞ்சு' ஆக்குவாள். எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கும். பழம், பளம், மழை, மளை. காது கேட்டதைக் கை எழுதுகிறது. 247 எழுத்துகளையும் பாடமாக்கிவிட்டு, அதற்குப் பிறகு எந்தச் சொல்லுக்கு எந்த 'ள' என்று ஒவ்வொன்றாக நினைவில் வைக்க வேண்டிய பிள்ளையின் பாட்டை நாம் மறந்துவிடுகிறோம். அத்தனை பாடுபட்டு ஒரு சொல்லைச் சரியாக எழுதப் பழகிய பிள்ளைக்கு, அதைப் பெரியவர்கள் பிழையாக எழுதுவதைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

அடுத்த வீட்டு அக்கா

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு சிங்கள அக்கா இருக்கிறார். அரச உத்தியோகத்தர். 2007ஆம் ஆண்டின் பின்னர் அரச சேவையில் சேர்ந்தவர்கள் இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. அதற்காகத் தமிழ் படிக்கத் தொடங்கியவர், பரீட்சை முடிந்த பிறகும் விடவில்லை. எங்களுக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் தமிழிலேயே சின்னத் துண்டு எழுதிப் படலையில் செருகிவிட்டுப் போவார்.

ஒருநாள் அப்படி வந்த துண்டில், "நங்கி, இன்று நாங்கல் வீட்டில் இல்லை. தன்னீர் வந்தால் தாங்கியை நிரப்பவும்" என்று இருந்தது. நான் பார்ப்பதற்குள் சின்னவள் பார்த்துவிட்டாள். 'நாங்கள்', 'தண்ணீர்' என்று சிவப்பில் திருத்தி, ஐந்துக்கு மூன்று புள்ளியும் போட்டு, அந்தத் துண்டை அவருடைய படலையிலேயே திரும்பச் செருகிவிட்டு வந்தாள்!

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னேரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா அந்தத் துண்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார். "இத்தனை வருசத்தில ஒருத்தரும் என்ட தமிழைத் திருத்தேல்லை நங்கி. எல்லாரும் 'நல்லாயிருக்கு' எண்டு மட்டும்தான் சொல்லுறது" என்றார்.

பிறகு அவர் சொன்ன ஒரு விடயம் எனக்குப் புதிதாக இருந்தது. சிங்களத்திலும் எங்களைப் போலவே இரண்டு 'ன', இரண்டு 'ல' உண்டாம். பேச்சில் வேறுபாடு கேட்காதாம், எழுதும்போது மட்டும்தான் வரும். படித்த பெரியவர்களே எந்த இடத்தில் எது என்று தடுமாறுவார்களாம். 'ணன ளல பேதம்' என்று அதற்குத் தனிப்பெயரே இருக்கிறதாம். இவ்வளவு காலமும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே எழுத்துக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள்! இப்போது சின்னவள் கிழமையில் இரண்டு நாள் அங்கே போகிறாள். அவள் அக்காவின் தமிழைத் திருத்துவாள், அக்கா அவளுடைய சிங்களத்தைத் திருத்துவார். இரண்டு பேரும் பென்சில்தான் பாவிக்கிறார்கள்.

அம்மா எழுதுவதை நிறுத்தினார்

இதுவரை எழுதியதெல்லாம் சிரிக்கக் கூடியவை. இனிமேல் எழுதப் போவது அப்படியல்ல.

என் தாயாருக்கு 77 வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மூத்த பெண் பிள்ளை, தம்பி தங்கைகளைப் பார்க்க வேண்டும் என்று மறித்துவிட்டார்களாம். ஆனாலும் எழுத்தை விடவில்லை. ஒரு கொப்பியில் நாள் தவறாமல் ஏதாவது எழுதுவார். மீன் என்ன விலை, யார் வீட்டில் என்ன விசேசம், எந்த மரம் பூத்தது என்று. கனடாவிலிருக்கும் என் அண்ணனுக்கு மாதம் ஒரு கடிதம். தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கலாம்தானே என்று சொன்னால், "கதைச்சது காத்தோட போயிடும் பிள்ளை. எழுதினது இருக்கும்" என்பார்.

ஒரு கிழமை கொப்பி திறக்கப்படவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அண்ணன் கேட்ட பிறகுதான் கவனித்தேன். "அம்மாவின்ட கடிதம் இந்த மாதம் வரேல்லையே, சுகமில்லையோ?" என்றார். அம்மாவிடம் கேட்டேன். "கை நடுங்குது" என்றார். வெற்றிலை இடிக்கும்போது நடுங்காத கை எழுதும்போது மட்டும் எப்படி நடுங்கும்?

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். கடைசியாக எழுதிய பக்கம் முழுவதும் சிவப்பு வட்டங்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்று. கீழே 0/10. "எழுத்துப் பழகவும்" என்ற குறிப்பு.

ஏழு வயதுப் பிள்ளை விளையாட்டாகச் செய்தது. எழுபத்தேழு வயதுத் தாய்க்கு அது விளையாட்டாகப் படவில்லை. படிக்க விடாமல் மறித்த வீட்டில், மற்றவர்களின் புத்தகத்தை ஒளித்து வைத்து வாசித்துக் காப்பாற்றிய எழுத்து அது. அதற்கு யாரோ பூச்சியம் போட்டுவிட்டார்கள்.

அந்த இருபத்தொரு வட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று விளங்கியது. இரண்டொன்றைத் தவிர மற்றவை பிழையே அல்ல! 'லை', 'னை', 'ணை' ஆகிய எழுத்துகளை இன்று நாம் முன்னால் சங்கிலிக்கொம்பு போட்டு எழுதுகிறோம். அம்மா படித்த காலத்தில் அந்த எழுத்துகளின் முன்னால் யானையின் தும்பிக்கை போல ஒரு வளைவு மேலேறும். 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றுக்குத் தனியாக ஓர் அரவு இல்லை, எழுத்தே கீழே சுழித்து வளையும். சின்னவள் அந்த எழுத்துகளைக் கண்டதே இல்லை. தெரியாத எழுத்து அவளுக்குப் பிழையான எழுத்தாகிவிட்டது.

எழுத்தும் காலத்துக்குக் காலம் மாறி வந்ததுதான். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் இன்று இருப்பதைப் போலத் தனித்தனி வடிவில் தெளிவாகப் பிரிந்ததற்கு வீரமாமுனிவர் காரணம். அவர் வாழ்ந்தது 1680 முதல் 1747 வரை. அம்மாவின் தும்பிக்கை எழுத்துகளை மாற்றும் சீர்திருத்தத்தைப் பெரியார் 1935இல் தம் 'குடிஅரசு' பத்திரிகையில் நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாட்டு அரசு 1978இல் அதை ஏற்றது. மாறியவை 13 எழுத்துகள். பின்னர் எமது பாடநூல்களிலும் அந்த வடிவங்களே வந்துவிட்டன. ஆனால் அம்மாவின் கைக்கு எவரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

எங்கள் திருகோணமலை, திருத்துவதில் பேர் பெற்ற ஊர்தான். தி.த. கனகசுந்தரம்பிள்ளை (1863–1922) பழந்தமிழ் நூல்களைப் பரிசோதித்துப் பதிப்பித்தவர். அவருடைய தம்பி சரவணமுத்துப்பிள்ளை 1895இல் 'மோகனாங்கி' நாவலை எழுதியவர். அதற்கு முன்பே, 1892இல், 'தத்தைவிடுதூது' என்ற நூலில் பெண்களின் விடுதலைக்காகப் பேசியவர். ஏடு பார்த்துப் பதிப்பித்த அந்தக் காலத்துப் பெரியவர்கள், ஒரு சொல் விளங்கவில்லை என்றால் உடனே அதைப் பிழையென்று வெட்டிவிட மாட்டார்கள். வேறு ஏட்டுடன் ஒப்பிடுவார்கள். எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று முதலில் யோசிப்பார்கள். திருத்துவதற்கு முன் வாசிக்க வேண்டும். இதைத்தான் நான் என் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"உங்களுக்கு டீச்சர் சொல்லித் தரேல்லையா?"

அன்றிரவு அவளைப் பக்கத்தில் இருத்திக் கதைத்தேன். ஏசவில்லை. அம்மம்மாவின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது பழைய கால 'லை'. இது பழைய கால 'னா'" என்று சொன்னேன். அவளுக்குக் கண்கள் விரிந்தன. ஆனாலும் அவளுடைய கணக்கு முடியவில்லை.

"அப்ப அம்மம்மா எழுதினது பிழையில்லை. நீங்க 'மிழகாய்' எண்டு எழுதினது?"

"அது பிழைதான்."

"உங்களுக்கு டீச்சர் சொல்லித் தரேல்லையா?"

சகோதரிகளே, இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. 1990 ஜூன் மாதம் திரும்பவும் சண்டை தொடங்கியபோது நான் மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களைப் போல நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். கொப்பிகளை எடுக்கவில்லை. ல, ள, ழ என்று எழுதிப் பழக வேண்டிய இரண்டு வருடங்கள் முகாமிலும் உறவினர் வீடுகளிலும் போய்விட்டன. திரும்பி வந்தபோது வயதுக்கேற்ற வகுப்பில் விட்டார்கள். அங்கே எல்லோரும் அந்த எழுத்துகளைத் தாண்டிப் போயிருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கம். இன்றைக்கும் ஒரு கடிதம் எழுதினால், 'ள'வா 'ழ'வா என்று வரும் இடத்தில் அந்தச் சொல்லையே விட்டு வேறு சொல் போடுவேன். பாடசாலைக்கு விடுமுறைக் கடிதம் எழுதும் வேலையைக் கணவரிடம் தள்ளிவிடுவேன். இந்தப் பத்தியை எழுதுவதும்கூட அந்த வெட்கத்தை வெல்லத்தான்.

இதையெல்லாம் அவளுக்கு விளங்கும் அளவுக்குச் சுருக்கிச் சொன்னேன். "எனக்கு எட்டு வயசாயிருக்கேக்க பள்ளிக்கூடம் பூட்டிட்டினம். டீச்சரும் வேற இடத்துக்குப் போயிட்டா."

சிறிது நேரம் யோசித்தாள். பிறகு எழும்பிப் போய்த் தன்னுடைய கொப்பியையும் பென்சிலையும் கொண்டுவந்தாள். "நான் சொல்லித் தாறன். 'மிளகாய்' எண்டு பத்துத்தரம் எழுதுங்கோ" என்றாள். எழுதினேன். 43 வயதில்.

தாய்மாருக்குச் சில வார்த்தைகள்

இந்த அனுபவத்திலிருந்து எங்கள் வீட்டில் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். உங்களுக்கும் உதவலாம்.

பிள்ளை நமது பிழையைச் சரியாகக் கண்டுபிடித்தால், "ஓம், பிழைதான். நன்றி" என்று சொல்லிவிடுங்கள். மழுப்ப வேண்டாம். பிழையை ஒப்புக்கொள்வதால் மரியாதை குறையாது என்பதைப் பிள்ளை நம்மிடமிருந்துதான் பழக வேண்டும்.

மற்றவர் எழுதியதில் கை வைக்கும் முன் "பாக்கலாமா?" என்று கேட்கப் பழக்குங்கள். பிறர் முன்னிலையில் சொல்லாமல் தனியே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் பழக்குங்கள்.

சிவப்புப் பேனை பாடசாலையோடு இருக்கட்டும். வீட்டில் பென்சில் போதும். பென்சிலால் போட்ட பிழையை அழிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம் முதலியவற்றைப் பூட்டி வையுங்கள். இது நான் பட்டறிந்தது!

ஒரு பிழை காட்டினால் ஒரு நல்லதையும் காட்டச் சொல்லுங்கள். "அம்மம்மாவின்ட 'ழ' வடிவாயிருக்கு" என்று தேடிச் சொல்லத் தொடங்கிய பிள்ளை, வாசிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதே நியாயம் நமக்கும் உண்டு. சின்னப் பிள்ளை ஆசையோடு எழுதிக் கொண்டுவந்து நீட்டும் துண்டில் முதல் வேலையாகப் பிழை பிடிக்காதீர்கள். 'அம்மா எனக்கு பளம் வேனும்' என்று எழுதியிருந்தால் முதலில் பழத்தைக் கொடுங்கள். 'ழ'வைப் பிறகு கொடுக்கலாம். சிவப்பு வட்டத்தைக் கண்டு எழுதுவதை நிறுத்துவது எழுபத்தேழு வயதில் மட்டும் நடப்பதல்ல. ஏழு வயதிலும் நடக்கும். அவள் யாரைப் பார்த்துச் சிவப்புப் பேனையைப் பிடிக்கப் பழகினாள் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன்.

அம்மாவின் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். அடுத்த நாள் பின்னேரம் சின்னவள் அம்மம்மாவின் பக்கத்தில் போய் இருந்தாள். மன்னிப்பு என்றெல்லாம் கேட்கவில்லை. "அம்மம்மா, அந்தத் தும்பிக்கை 'லை' எப்பிடி எழுதுறது? எனக்குப் பழக்கி விடுங்கோ" என்றாள். அம்மா கண்ணாடியைத் தேடினார். பேத்தியின் கையைப் பிடித்து மணலில் எழுதுவதைப் போல மெதுவாகச் சுழித்துக் காட்டினார். வாழை, மலை, கடலை, யானை, திருகோணமலை என்று ஒரு பக்கம் நிறைந்தது. 'வாழை'யில் தும்பிக்கை வரவில்லையே என்று பேத்தி கேட்டாள். 'ழை'க்குத் தும்பிக்கை இல்லை, அது அப்போதும் இப்போதும் ஒன்றுதான் என்று அம்மா சிரித்தார். இப்போது இவளுடைய வகுப்பில் அந்த எழுத்துகளை எழுதத் தெரிந்த ஒரே பிள்ளை தான்தான் என்று பெருமை அடித்துக்கொண்டு திரிகிறாள்.

கடந்த கிழமை கனடாவுக்குக் கடிதம் போனது. தபாலில் போடும் முன் அம்மாவே பேத்தியைக் கூப்பிட்டு, "இந்தா குஞ்சு, பார்" என்று கடிதத்தையும் பென்சிலையும் கொடுத்தார். அவள் நீண்ட நேரம் வாசித்தாள். கடைசியில் கீழே 10/10 என்று போட்டாள்.

அம்மா வாங்கிப் பார்த்தார். "பொய் சொல்லாதை. ஒண்டாவது இருக்கும், வடிவாத் தேடிப் பார்" என்றார்.

தேடினாள். இருந்தது. ஒரே ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. இருவரும் சேர்ந்து அதை வைத்தார்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம், சகோதரிகளே.